மவுண்டன் பைக்குக்கு எந்த ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வாங்கலாம்?

சேலத்தில் இருக்கிறேன், எடை 82 கிலோ, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு ஏறி இறங்குகிறேன், சைக்கிளில் கேபிள் டிஸ்க் பிரேக்தான் இருக்கிறது, இறங்கி முடிப்பதற்குள் விரல் மரத்துப் போகிறது, ஹைட்ராலிக் (கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது) மாற்றினால் எந்த கம்பெனி, இரண்டு பிஸ்டனா நான்கு பிஸ்டனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதில். மினரல் ஆயில் ஊற்றும் சாதாரண இரண்டு பிஸ்டன் செட் போதும். பிஸ்டன் என்பது பேடை, அதாவது பிரேக் கட்டையை, நெருக்கும் சின்ன உருளை. ஷிமானோ எம்டி200 அல்லது அதே தரத்தில் டெக்ட்ரோ எம்275, எது கைக்குக் கிடைக்கிறதோ அது. முன்னால் 180 மி.மீ. ரோட்டர், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு, போடுங்கள். நான்கு பிஸ்டனுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு ப்ளீட் கிட் (பிரேக்கில் புகுந்த காற்றை வெளியேற்றும் கருவி), ஒரு சின்ன பாட்டில் ஆயில், இரண்டு ஜோடி உபரி பேட் வாங்கி வீட்டில் வையுங்கள். இனி வருவதெல்லாம் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான். அவசரம் என்றால் இத்தோடு கடைக்குக் கிளம்பலாம்.

நான் நாமக்கல்காரன். எனக்குக் கொல்லிமலை, உங்களுக்கு ஏற்காடு. அங்கே 70 கொண்டை ஊசி வளைவு, உங்கள் பக்கம் 20. வளைவு குறைவுதானே என்று நினைக்காதீர்கள், பிரேக்குக்கு இறங்கும் உயரம்தான் கணக்கு. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வருவதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறீர்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 96 கிலோ என்று வைத்தால், ஆயிரம் மீட்டருக்கே சுமார் 940 கிலோ ஜூல் ஆற்றல் எங்கேயாவது போய்த் தொலைய வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகிற சூடு அது. நேர் சாலையில் வேகமாகப் போனால் காற்று அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்துக்கொண்டே இறங்கும்போது அந்தச் சூடு பெரும்பாலும் இரண்டு மெல்லிய இரும்புத் தட்டுகளின் தலையில்தான் விழுகிறது.

அதனால்தான் கம்பெனி பெயருக்கு முன்னால் ரோட்டரைப் பார்க்கச் சொல்கிறேன். 160-லிருந்து 180-க்குப் போனால் அதே விரல் அழுத்தத்துக்குப் பிடிமானம் சுமார் 12 சதவீதம் கூடும், 203-க்குப் போனால் 27 சதவீதம். பெரிய தட்டு சூட்டைச் சீக்கிரம் காற்றில் விடும் என்பது கூடுதல் லாபம். காலிப்பரை (பிஸ்டனும் பேடும் இருக்கும் பகுதி) அதற்கேற்பத் தள்ளி வைக்க ஒரு அடாப்டர் வேண்டும், பெரிய செலவில்லை. ஆனால் உங்கள் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) எத்தனை மி.மீ. வரை தாங்கும் என்று அதன் கம்பெனி சொல்லியிருக்கும். அதைப் பார்க்காமல் 203 மாட்டாதீர்கள்.

நான்கு பிஸ்டன் கெட்டது என்று சொல்லவில்லை. கல்லும் வேரும் நிறைந்த பாதையில் செங்குத்தாக இறங்குகிறவர்களுக்கும், நூறு கிலோவைத் தாண்டியவர்களுக்கும் அது உண்மையிலேயே உதவும். பேட் பெரிது, சூடு தாங்கும். தார்ச்சாலையில் மலை இறங்குகிற 82 கிலோ ஆளுக்கு 180 ரோட்டரில் இரண்டு பிஸ்டனே தாராளம். கேபிளில் உங்கள் விரல் வலிப்பதற்குக் காரணம், இழுப்பில் ஒரு பங்கு கேபிள் உறையின் உராய்விலேயே போய்விடுவதுதான். பல கேபிள் காலிப்பர்களில் ஒரு பக்கப் பேட் மட்டுமே நகரும், மற்றது சும்மா நிற்கும். ஹைட்ராலிக்கில் இரண்டு பக்கமும் நெருக்கும். பேட் தேயத் தேய பிஸ்டன் தானே முன்னால் நகர்ந்துகொள்ளும், நட்டைத் திருகும் வேலையும் இல்லை.

சரி, ஆயில் விஷயம். இதில் நான் சூடு பட்டவன்.

ஹைட்ராலிக் பிரேக்கில் இரண்டு ஜாதி உண்டு. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா எல்லாம் மினரல் ஆயில். ஹோப், ஹேஸ், ஸ்ராமின் பெரும்பாலான பழைய மாடல்கள் டாட் ஆயில், அதாவது மோட்டார் பைக்கில் ஊற்றுவது. என் சைக்கிளில் பின் பிரேக் லீவர் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்க ஆரம்பித்தது. உள்ளே காற்று புகுந்திருந்தது. பக்கத்திலிருந்த பைக் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "பிரேக் ஆயில் எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்று டாட் 4 பாட்டிலை எடுத்து ஊற்றி, காற்றையும் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு லீவர் கல் மாதிரி நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நாள் கழித்து லீவர் முழுசாகத் திரும்பி வரவில்லை. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ஒரு சுற்றில் நின்றது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே ரப்பர் சீல் ஊறிப் பருத்திருந்தது, வெந்த சுண்டல் மாதிரி. மினரல் ஆயிலுக்கென்று செய்த ரப்பரை டாட் ஆயில் இப்படித்தான் கெடுக்கும், டாட் சீலில் மினரல் ஆயில் பட்டாலும் இதே கதைதான். அந்த சீல் தனியாக எங்கும் கிடைக்கவில்லை. லீவர், காலிப்பர் இரண்டையும் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கினேன். அவரைக் குறை சொல்ல முடியாது. மினரல் ஆயில் மட்டும் ஊற்றவும் என்று லீவர் மூடியிலேயே ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. படிக்காதது நான்.

அப்படியானால் எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கிற டாட் ஆயில் பிரேக்கையே வாங்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சிக்கல் என்னவென்றால், டாட் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4-க்குக் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி. ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். லீவர் ஹேண்டில் பார் வரை போகும், பிரேக் இருக்காது. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். பெயிண்டில் பட்டால் உரித்துவிடும். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது, கையில் பட்டாலும் சோப்பில் போய்விடும். ஆன்லைனில் ஒரு பாட்டில் வாங்கினால் நம் உபயோகத்துக்கு வெகுநாள் வரும். பல ஆண்டுகள் டாட் பக்கமே நின்ற ஸ்ராம்கூட 2024-ல் வந்த மேவன் பிரேக்கை மினரல் ஆயிலில்தான் செய்திருக்கிறது.

ஆர்டர் போடுவதற்கு முன் சைக்கிளிடம் போய் உட்கார்ந்து சிலவற்றைப் பாருங்கள். நம் ஊரில் விலை குறைந்த மவுண்டன் பைக்குகள் பலவற்றில் கியர் ஷிஃப்டரும் பிரேக் லீவரும் ஒரே துண்டாக இருக்கும். உங்களுடையது அப்படியென்றால் பிரேக் மாற்றும்போது தனி ஷிஃப்டரும் வாங்க வேண்டிவரும். பட்ஜெட்டில் பாதியை அது சாப்பிட்டுவிடும், யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அடுத்தது இடது வலது. நமக்கு முன் பிரேக் வலது கையில். வெளிநாட்டு விற்பனைக்கென்று ஆயில் நிரப்பி வரும் செட் பலவற்றில் முன் பிரேக் இடது கைக்கு இருக்கும். மாற்றலாம்தான், ஆனால் ஹோஸை, அதாவது ஆயில் குழாயை, கழற்றி, ஆலிவ் என்கிற அந்தச் சின்னப் பித்தளை வளையத்தைப் புதிதாகப் போட்டு, மறுபடி ப்ளீட் செய்ய வேண்டும். வாங்கும்போதே வலது முன், இடது பின் என்று கேட்டு வாங்கிவிடுங்கள். ஹப்பில் ரோட்டர் ஆறு போல்ட்டில் நிற்கிறதா, சென்டர்லாக்கா (நடுவில் ஒரே வளையத்தால் பூட்டுவது) என்பதையும் பாருங்கள்.

பேடில் ரெசின், மெட்டல் என்று இரண்டு. ரெசின் சத்தம் போடாது, பிடிப்பு மிருதுவாக இருக்கும், நீண்ட இறக்கத்தில் சூடேறினால் மங்கும். மெட்டல் சூடும் மழையும் தாங்கும், ஈரத்தில் கத்தும். ஏற்காட்டுக்கு நான் மெட்டல் என்பேன். ஆனால் விலை குறைந்த ரோட்டர் சிலவற்றில் ரெசின் பேட் மட்டும் என்று எழுதியிருக்கும். அதில் மெட்டல் போட்டால் ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ. கனம், 1.5-க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும்.

மாட்டியவுடன் மலைக்குப் போகாதீர்கள். புது பேடுக்குப் பிடிப்பே இருக்காது, ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு இருபது தடவை, அப்புறம் இன்னும் வேகமாக ஒரு பத்து தடவை, சக்கரம் லாக் ஆகாமல், முழுசாக நிறுத்தாமல் குறையுங்கள். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாக. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது ரோட்டரில் ஒரு துளி தெறித்தாலும் பேடு போச்சு, துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பஸ்ஸிலோ ரயிலிலோ சைக்கிளை ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினால், யாராவது சும்மா லீவரை அமுக்கிப் பார்ப்பார்கள், குழந்தைகள் கட்டாயம் அமுக்கும். நடுவில் ரோட்டர் இல்லாததால் பிஸ்டன் வெளியே வந்து பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். செட்டோடு ஒரு பிளாஸ்டிக் துண்டு வரும், பேடுக்கு நடுவில் செருக. அட்டைப்பெட்டியோடு அதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நான் போட்டுவிட்டு, இப்போது மாத்திரை அட்டையை நாலாக மடித்துச் செருகிக்கொண்டிருக்கிறேன்.