அப்சார்பர் மாற்றியபின் எரியும் ஏபிஎஸ் விளக்கு

கேள்வி: ஒன்பது ஆண்டு ஓடிய என் காருக்கு முன் அப்சார்பர்கள், லோயர் ஆர்ம்கள், வலப்பக்க முன்சக்கர பேரிங் ஆகியவற்றை அண்மையில் மாற்றினேன். அதன்பின், பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் வளைவுப் பாதையில் ஏறும்போது ஏபிஎஸ் விளக்கும் (பிரேக் போடும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பின் விளக்கு) சறுக்கல் தடுப்பு விளக்கும் எரிகின்றன. விளக்கு எரியாத நாள்களில், வண்டி நிற்கப்போகும் நேரத்தில் பிரேக் மிதி காலடியில் படபடவென அதிர்கிறது. சக்கர வேகச் சென்சாரைப் புதிதாகப் போட்டும் குறை தீரவில்லை. இப்போது ஏபிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தும் யூனிட்டையே மாற்றச் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?
- ஈசூன் வாசகர்

பதில்: இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். பழுதுபார்க்கும் முன்பு ஒழுங்காக இருந்த யூனிட், அப்சார்பர் மாற்றிய அதே நாளில் தானாகக் கெட்டுப்போவது அரிது. அந்த வேலையின்போது எவையெல்லாம் கழற்றப்பட்டன, இழுபட்டன, அழுத்தப்பட்டன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வாகன உரிமைச் சான்றிதழ் (சிங்கப்பூரில் வண்டி வைத்திருப்பதற்கான பத்தாண்டு அனுமதி) முடிய ஓராண்டே உள்ள வண்டிக்கு, சோதிக்காமல் இவ்வளவு பெரிய செலவு செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் ஒரே இடத்தைக் காட்டவில்லை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக நன்றாகத் திருப்பிய நிலையில் விளக்கு எரிவது வயரைச் சந்தேகிக்கச் சொல்கிறது. சென்சாரின் வயர் சிறு கிளிப்புகளால் அப்சார்பரோடும், சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளோடும் பிணைக்கப்பட்டிருக்கும். வேலை முடிந்து அந்தக் கிளிப்புகளைத் திரும்ப மாட்டாமல் விட்டாலோ, கழற்றிய நக்கிளின் பாரம் வயரில் தொங்கியிருந்தாலோ, மேலுறை முழுதாகத் தெரிய உள்ளே இழை அறுந்து, சக்கரம் திரும்பும்போது மட்டும் இணைப்பு விட்டுப்போகும். வண்டியை நிறுத்திவைத்து, இக்னிஷனை இயக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்ப, இன்னொருவர் கையை நசுங்காத தூரத்தில் வைத்துக்கொண்டு வயரை மெல்ல அசைத்துப் பார்க்கட்டும். சக்கரம் சுற்றாதபோதே விளக்கு எரிந்தால் குறை வயரிலோ சாக்கெட்டிலோ இருக்கிறது. சாக்கெட்டுக்குள் மழைநீர் புகுந்த பச்சைக் களிம்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மிதி அதிர்வது வேறு கதை. நான்கு சக்கரங்களில் ஒன்றின் வேகம் மட்டும் திடீரெனக் குறைந்ததாகத் தெரிந்தால், அந்தச் சக்கரம் பூட்டிக்கொண்டது என யூனிட் நம்பி, பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுத் தளர்த்துகிறது. யூனிட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதற்குக் கிடைக்கும் கணக்குதான் பொய். இங்கே என் சந்தேகம் புதிய பேரிங்கின் மேல். தற்காலக் கார்கள் பலவற்றில் சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்க மூடியிலேயே பதிந்திருக்கும். பேரிங்கைப் பிரஸ் இயந்திரத்தில் வைத்து அழுத்தும்போது அந்த வளையம் ஓரிடத்தில் நசுங்கினாலோ, இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டாலோ, ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் மட்டும் கணக்கு விழும். பேரிங்கையே பக்கம் மாற்றிப் பொருத்தியிருந்தால் அந்தச் சக்கரத்தின் வேகம் அறவே வராது. உங்களுக்கு விட்டு விட்டு வருவதால் அது இல்லை என்றே நினைக்கிறேன். சென்சார் அதன் துளையில் முழுமையாக அமராமல், அடியில் துருவோ அழுக்கோ இருந்து இடைவெளி கூடியிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும்.

இதை உறுதிசெய்ய, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒரே திரையில் வரைபடமாகக் காட்டும் ஸ்கேனர் தேவை. போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் ஒருவர் ஓட்ட, மற்றவர் திரையைப் பார்க்கட்டும். வளைவில் வெளிச் சக்கரம் கூடுதல் வேகம் காட்டுவது இயல்பே என்பதால் நேர்ச்சாலை முக்கியம். சக்கரச் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு நான்கு முறை சுற்றும். வளையத்தில் ஒரே ஓர் இடம் கெட்டிருந்தால் அதே தாளத்தில் கோடு விழுந்து எழும். சாதாரண ஸ்கேனர் இவ்வளவு விரைவான வீழ்ச்சியைத் தவறவிடக்கூடும். எனவே 10 கிலோமீட்டர் வேகத்திலும் பார்க்கச் சொல்லுங்கள், தேவையானால் மின் சைகையின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் வைக்கச் சொல்லுங்கள். லிஃப்டில் தூக்கி எஞ்சினால் முன்சக்கரங்களை மட்டும் சுழற்றிச் சோதிப்பது சரியல்ல, ஏனெனில் பின்சக்கரங்கள் நின்றிருப்பதையே யூனிட் குறையாகப் பதிவுசெய்துவிடும்.

எந்தப் பக்கத்துச் சென்சாரை மாற்றினார்கள் என்பதையும் கேளுங்கள். ஸ்கேனர் சொல்லும் இடம், வலம் இரண்டும் இருக்கையில் முன்நோக்கி அமர்ந்தவருக்கு உரியவை. அமெரிக்கக் கையேடு ‘ஓட்டுநர் பக்கம்’ என்றால் அது இடப்பக்கம். நம் சிங்கப்பூரில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். இந்தக் குழப்பத்தில் நல்ல சென்சார் கழற்றப்படுவது உண்டு.

சென்சாரின் மின்தடையை மீட்டரில் அளந்து தீர்ப்புச் சொல்வதும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பழைய வகைக்கு அது சரி. புதிய வகை, யூனிட்டிலிருந்து மின்சாரம் பெற்று, ஏறத்தாழ 7, 14 மில்லியாம்பியர் என இரு நிலைகளில் மாறி மாறிச் செய்தி அனுப்புவது. அதில் ஓம் அளப்பதால் ஒன்றும் தெரியாது, சென்சாரும் பழுதாகலாம். அதற்குப் பதிலாக, சாக்கெட்டைக் கழற்றி யூனிட்டிலிருந்து மின்னழுத்தம் வந்து சேர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மின்னழுத்தம் வராமல், இடையிலுள்ள வயரும் நன்றாக இருப்பது உறுதியானால் மட்டுமே யூனிட்டைப் பற்றிப் பேசலாம்.

அதுவரை ஏபிஎஸ் விளக்கு எரியும்போது வழக்கமான பிரேக் வேலை செய்யும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் உதவி இராது. மழைச் சாலையில் முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடையே தாராளமாக இடம் விடுங்கள். கூடவே சிவப்புப் பிரேக் விளக்கும் எரிந்தால் ஓட்டாதீர்கள். வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.