உள்நுழைவையும் ஓஆர்எம்மையும் இணைக்கப் பயனர் எண் ஒன்று போதும்

கேள்வியின் சாரம் இது: பைத்தானின் வலைச் சட்டகமான ஃபிளாஸ்க்கில் எழுதிய செயலி, தரவுத்தளத்துக்கு எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற ஓஆர்எம் (அட்டவணை வரிசைகளை நிரலின் ஆப்ஜெக்டுகளாகத் தரும் நூலகம்), உள்நுழைவுக்கு ஃபிளாஸ்க்-லாகின். உள்நுழையும் பக்கம் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் அடுத்த பக்கத்தில் பயனரின் ஆர்டர்களைக் கேட்டதும் ‘டிட்டாச்ட் இன்ஸ்டன்ஸ் எரர்’ வந்து நிற்கிறது. பயனர் ஆப்ஜெக்டை முழுசாகப் பிக்கிள் செய்து (சேமிக்கத்தக்க பைட்டுகளாக மாற்றி) சர்வர் பக்கச் செஷனில் வைத்திருக்கிறீர்கள். அதில் என்ன தவறு என்று கேட்கிறீர்கள்.

தவறே அதுதான். இங்கே செஷன்கள் இரண்டு உண்டு. ஒன்று உலாவியின் குக்கீயோடு தொடர்புடையது; பல நாட்கள்கூட உயிரோடு இருக்கும். மற்றொன்று ஓஆர்எம்முடையது, ஒரு ரிக்வெஸ்ட், அதாவது உலாவி அனுப்பும் ஒரு கோரிக்கை, முடிந்ததும் மூடப்பட்டுவிடும். ஓஆர்எம் தரும் பயனர் ஆப்ஜெக்ட் இரண்டாவதைச் சார்ந்தே வாழ்கிறது. ஆர்டர்கள் போன்ற உறவுகளை அது முன்கூட்டியே எடுத்து வைப்பதில்லை. நீங்கள் தொடும்போதுதான் தரவுத்தளத்திடம் கேட்கும். அதற்குள் அதன் செஷன் மூடியிருந்தால் யாரிடம் கேட்பது? அந்தப் பிழைச்செய்தி சொல்வது இதைத்தான். பிழை வராவிட்டாலும் ஆபத்து குறையாது. நிர்வாகி ஒருவரின் உரிமையை இன்று காலை பறித்திருப்பீர்கள். செஷனில் கிடக்கும் பழைய நகலில் அவர் இன்னும் நிர்வாகியாகவே இருப்பார்.

ஆகவே குக்கீ பக்கத்தில் பயனரின் எண் மட்டும் இருக்கட்டும். ஃபிளாஸ்க்-லாகினின் வடிவமைப்பே அப்படித்தான். ‘லாகின் யூசர்’ அழைக்கப்படும்போது அது பயனரைப் பொறுத்தவரை உங்கள் மாடலின் (பயனர் அட்டவணைக்கான கிளாஸின்) ‘கெட் ஐடி’ தரும் சரத்தை மட்டும் செஷனில் எழுதுகிறது. அடுத்த ரிக்வெஸ்டில் அந்தச் சரத்தை நீங்கள் எழுதிய ‘யூசர் லோடர்’ செயற்கூறிடம் கொடுத்து, பயனரைக் கொண்டுவா என்கிறது. உள்ளே ஒரு வரி போதும்: சரத்தை முழு எண்ணாக்கி, ஓஆர்எம் செஷனின் ‘கெட்’ மூலம் தேடித் திருப்பி அனுப்புங்கள். முழு எண்ணாக்குவதை விட்டுவிடாதீர்கள். தரவுத்தளத்தோடு பேசும் டிரைவர்களில் சில கண்டுகொள்ளாமல் விடும், சில பிழையை முகத்தில் எறியும். பயனர் கிடைக்காவிட்டால் ‘நன்’ (பைத்தானில் ‘எதுவும் இல்லை’ என்ற மதிப்பு) திருப்புங்கள். எக்செப்ஷன் எழுப்பினால் பழைய குக்கீ வைத்திருப்பவருக்கெல்லாம் 500 பிழைப்பக்கம்தான் தெரியும். முடக்கப்பட்ட கணக்குக்கும் இங்கேயே ‘நன்’ கொடுத்துவிடலாம்.

மாடலின் முதன்மைச் சாவிக்கு ‘ஐடி’ என்று பெயரில்லாமல் வேறு பெயர் இருந்தால், ஃபிளாஸ்க்-லாகினின் ஆயத்த கிளாஸான ‘யூசர்மிக்ஸின்’ தரும் ‘கெட் ஐடி’ வேலை செய்யாது. நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் தரவுத்தளத்திடம் ஒரு குவெரியா (வினவலா) என்று பலர் தயங்குகிறார்கள். முதன்மைச் சாவியில் ஒரு வரிசையைத் தேடுவது பொருட்படுத்தத் தக்க செலவே இல்லை. செலவு வருவது வேறு இடத்தில்: பக்கந்தோறும் பயனரின் பொறுப்புகளைச் சரிபார்ப்பவர்கள் அந்த உறவை, உறவுகளை முன்கூட்டியே எடுக்கும் எஸ்க்யூஎல்ஆல்கெமியின் ‘செலக்ட்இன்லோட்’ கொண்டு லோடரிலேயே சேர்த்து எடுத்துவிடுவது நல்லது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. எண்ணை மட்டும் வைத்தால், கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் வேறு கருவியில் திறந்திருக்கும் செஷன் செல்லுபடியாகும். கடவுச்சொல் மாறினாலும் எண் மாறுவதில்லையே. பழைய கடவுச்சொல்லைத் திருடி நுழைந்தவர் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். பயனர் அட்டவணையில் இன்னொரு நெடுவரிசை சேர்த்து, அதில் ஊகிக்க முடியாத ஒரு சரத்தை வையுங்கள். ‘கெட் ஐடி’ அதைத் தரட்டும், லோடரும் அதை வைத்தே தேடட்டும். அந்த நெடுவரிசைக்கு, ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யுனிக் இண்டெக்ஸ் வேண்டும். தேடும் சாவி சரமாகிவிடுவதால் முழு எண்ணாக்கும் வேலையும் இல்லை. கடவுச்சொல் மாறும்போது சரத்தையும் மாற்றினால் பழைய செஷன்கள் எல்லாம் ஒரே அடியில் செத்துப்போகும். சிறிய செயலிக்கும் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து. பின்னால் சேர்த்தால் எல்லாரும் ஒருமுறை வெளியேற்றப்படுவார்கள்.

கடவுச்சொல் ஹேஷுக்கான (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சேமிக்கும், திரும்பப் பிரிக்க முடியாத சரத்துக்கான) நெடுவரிசையின் நீளத்தையும் பாருங்கள். பழைய வழிகாட்டிகளில் 128 என்று போட்டிருப்பார்கள். ஃபிளாஸ்க்கின் அடியில் இருக்கும் நூலகமான வெர்க்ஸூக் இப்போது இயல்பாக எஸ்கிரிப்ட் முறையைப் பயன்படுத்துகிறது. அதன் ஹேஷ் 162 எழுத்து நீளம். நெடுவரிசை சிறியதானால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பதிவு செய்யும்போதே மறுத்துவிடும், நல்லது. கண்டிப்பான பயன்முறை அணைக்கப்பட்ட மைஎஸ்க்யூஎல் வாலை வெட்டிவிட்டுச் சேமிக்கும். பிறகு சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே போக முடியாது. 255 வைத்துவிடுங்கள்.

புதுப் பயனரைப் பதிவு செய்யும்போது, மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கிறதா என்று குவெரி போட்டுப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது மட்டும் போதாது. ஒரே நேரத்தில் இரண்டு பதிவுகள் வந்தால் இரண்டுமே அந்தச் சோதனையைத் தாண்டிவிடும். யுனிக் கட்டுப்பாடு தரவுத்தளத்திலேயே இருக்க வேண்டும். அதை மீறும்போது எழும் ‘இன்டெக்ரிட்டி எரர்’ வந்தால் பிடித்து, ரோல்பேக் செய்துவிட்டு (பாதியில் நின்ற மாற்றங்களை ரத்து செய்துவிட்டு)ப் பயனரிடம் சொல்லுங்கள். ரோல்பேக்கை மறந்தால் அதே ரிக்வெஸ்டில் அடுத்து வரும் குவெரியும் விழும்.