ஐஸில் கை வைத்தால் விரல் வெளுக்கிறது, ஏன்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நண்டு பதனிடும் இடமொன்றில் வேலை செய்கிறேன். வயது 26. ஐஸ் பெட்டிக்குள் கை விட்டதும் இரண்டு கை விரல்களும் வெளுத்து விறைத்துவிடுகின்றன. பிறகு நீலமாகி, கடைசியில் சிவந்து எரிகின்றன. கூட வேலை செய்பவர்களுக்குக் கை சிவக்கிறதே தவிர வெளுப்பதில்லை. மார்கழியில் விடிய கோயிலுக்குப் போனாலும் இப்படித்தான். நரம்புத் தளர்ச்சி என்று வீட்டில் விற்றமின் குளிசை வாங்கித் தந்தார்கள். ஒற்றைத் தலையிடிக்குப் புரோப்ரனலோல் போடுகிறேன்.

பதில்: உங்கள் நரம்பு தளரவில்லை, தேவைக்கு மேல் வேலை செய்கிறது. விற்றமின் குளிசைக்குச் செலவழிக்க வேண்டாம்.

தோலில் ஓடும் இரத்தத்தின் அளவை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத பரிவு நரம்புகள் தீர்மானிக்கின்றன. சாதாரணமாக நிமிடத்துக்குக் கால் லீற்றர் அளவு ஓடும். கடும் சூட்டில் 6 முதல் 8 லீற்றர் வரை போகும். கடும் குளிரில் ஏறக்குறைய நின்றேவிடும். உள்ளுறுப்புகளின் சூட்டைக் காப்பாற்ற உடம்பு விரல்களைப் பட்டினி போடுகிறது. 1850களின் தொடக்கத்தில் பிரெஞ்சு உடலியல் அறிஞர் குளோட் பெர்னார்ட் ஒரு முயலின் கழுத்தில் இந்த நரம்பை வெட்டினார். அந்தப் பக்கக் காது சிவந்து சூடாகிவிட்டது. நரம்பு ஓயாமல் இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

விரல் நுனியில், இரத்தத்தைக் கொண்டுவரும் நாடியையும் திருப்பிக் கொண்டுபோகும் நாளத்தையும் நேரே இணைக்கும் குட்டிக் குழாய்கள் நிறைய உண்டு. குளிர் பட்டதும் நரம்பு நுனிகள் நோரட்ரனலின் என்ற இரசாயனத்தைச் சுரக்க, அந்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. அதோடு, குளிர்ந்த குழாயின் தசை அந்த இரசாயனத்துக்கு இன்னும் கூர்மையாக இசைகிறது; அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளில் உள்ளே ஒதுங்கியிருந்தவை மேற்பரப்புக்கு வந்துவிடுவதுதான் காரணம். உங்களுக்கு இந்த இறுக்கம் அளவு மீறுகிறது. பிரெஞ்சு டொக்டர் மோரிஸ் ரேனோ 1862இல் விவரித்ததால் இதை ரேனோ நிலை என்கிறோம். மற்றவர்களுக்கு ஐஸில் ஐந்து பத்து நிமிடத்தில் குழாய்கள் தாமாகத் திறந்துகொள்ளும். அவர்கள் கை சிவப்பது அதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? பருத்திக் கையுறை போட்டு அதன்மேல் ரப்பர் கையுறை போடுங்கள். உள்ளே நனைந்தால் உடனே மாற்றுங்கள். கோயிலுக்குப் போகும்போது கையை மட்டுமல்ல, காது, கழுத்து, நெஞ்சு எல்லாவற்றையும் மூடுங்கள். முகத்தில் படும் குளிரே விரலை வெளுக்க வைக்கும். வெளுத்துவிட்டால் கையை அக்குளில் வையுங்கள், அல்லது இளஞ்சூட்டுத் தண்ணீரில். கொதிக்கிற தண்ணீர் வேண்டவே வேண்டாம். விறைத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும். புகையிலையும் குழாயை இறுக்கும்.

எனக்கு உறுத்துவது உங்கள் தலையிடிக் குளிசைதான். புரோப்ரனலோல் இந்தத் தொல்லையைக் கூட்டக்கூடியது. நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல், எழுதித் தந்த டொக்டரிடம் கதையுங்கள், மாற்று மருந்து உண்டு. அதற்குப் பிறகும் குறையாவிட்டால் நிஃபெடிபின் போன்ற, குழாயை விரிக்கும் குளிசை தருவார்கள்.

இளவயதில், இரண்டு கையிலும், புண் இல்லாமல் வருவது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் விரல் நுனியில் புண், தோல் இறுகுதல், மூட்டு வலி, விழுங்கக் கஷ்டம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரத்தப் பரிசோதனை செய்வதோடு, நகக்கண்ணில் உள்ள நுண்குழாய்களை உருப்பெருக்கும் கண்ணாடி வைத்தும் பார்ப்பார்கள்.