அப்பாவின் குடல்வால் வெடித்தது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. பேரையூர் பக்கம் விவசாயம். பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன மாதம் வயிறு வலிக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம். மறுநாள் பேதியாகட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலையில் வலி விட்டுவிட்டது என்றார். இரவே வயிறு உப்பி, துவண்டு விழுந்துவிட்டார். மதுரையில், அப்பெண்டிக்ஸ் (குடல்வால்) வெடித்துச் சீழ் பரவிவிட்டது என்று ஆபரேஷன் செய்தார்கள். வீடு திரும்பி ஒரு வாரமாகிறது. என் தம்பிக்கும் 22 வயதில் இதே நோய் வந்தது. இரண்டே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். அப்பாவுக்கு மட்டும் ஏன் இப்படி? எங்கள் தவறா?

பதில்: அப்பா வீடு திரும்பியதே பெரிய விஷயம், அம்மா. இந்த வயதில், சர்க்கரையோடு, வெடித்த குடல்வாலிலிருந்து மீள்வது லேசான காரியமில்லை.

குடல்வால் என்பது ஒரு முனை மூடிய, விரல் நீளக் குழாய். கெட்டிப்பட்ட மலத்துணுக்கோ வீக்கமோ அதன் வாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். சுவருக்கு ரத்தம் போவது நின்று, அது அழுகி ஓட்டை விழும். வலி தொடங்கி முதல் ஒன்றரை நாளுக்குள் வெடிப்பது குறைவு. அதன்பின் நேரம் போகப் போக ஆபத்து ஏறும். சிலருக்கு ஒரே நாளிலும் வெடித்துவிடுகிறது, அதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வயதானவர்களுக்கு இது அதிகம் வெடிப்பதற்குக் காரணங்கள் உண்டு. குடல்வாலுக்கு வரும் ரத்தக்குழாய் ஒன்றே ஒன்றுதான். வயதில் அது சுருங்கிப்போகிறது, சுவரும் மெலிகிறது. அதைவிட முக்கியம், அவர்களுக்கு நோய் சத்தம் போடாமல் வருவது. தம்பிக்குத் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருக்கும், வாந்தி வந்திருக்கும், காய்ச்சல் அடித்திருக்கும். அவன் துடித்த துடிப்பில் உடனே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பீர்கள். அப்பா வயதில் காய்ச்சலே இல்லாமல் இருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள்கூட ஏறாமல் இருக்கலாம். நாள்பட்ட சர்க்கரை நரம்புகளை மழுங்கடித்து வலியைக் குறைத்துக் காட்டும், கிருமியோடு போராடும் சக்தியையும் குறைக்கும். போதாததற்கு, வெயிலில் உழைத்துப் பழகிய மனிதர்கள் வலியைச் சொல்லவே மாட்டார்கள். நான் பார்க்கும் வெடித்த வயிறுகளில் பல, வீட்டில் தாங்கிக்கொண்டு கிடந்தவர்களுடையவை.

குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் மடிந்திருந்தால் வலி விலாவிலோ முதுகிலோ தெரியும். நம் ஊர் வெயிலுக்குக் கிட்னிக் கல் என்று நினைத்துவிடுவோம். பெண்களுக்கு மாதவிலக்கு வலி என்று தள்ளிப்போடுவதும் நடக்கிறது. கர்ப்பிணிகளிடம் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

மூன்றாம் நாள் வலி விட்டதே, அதுதான் பெரும்பாலும் வெடித்த நேரம். உள்ளே இருந்த அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுகமாக இருக்கும், அப்புறம் வயிறு முழுக்கப் பற்றிக்கொள்ளும்.

விளக்கெண்ணெய் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். காரணம் தெரியாத வயிற்றுவலிக்குப் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. வீங்கியிருக்கும் குடலை அது முடுக்கிவிடும். ஆனால் அது மட்டுமே வெடிக்க வைத்தது என்று நீங்கள் மனதைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். வயது, சர்க்கரை, மூன்று நாள் எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. இனி வீட்டில் யாருக்காவது வயிற்றுவலி ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், பசியும் அற்றுப்போனால், 108-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி என்று பார்க்க வேண்டாம், பெரியாஸ்பத்திரி இருபத்து நாலு மணி நேரமும் திறந்துதான் இருக்கிறது.

அப்பாவுக்கு இரண்டு விஷயம். எடுத்த குடல்வாலின் பயாப்ஸி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். இந்த வயதில் எப்போதாவது அடைப்புக்குப் பின்னால் கட்டி ஒளிந்திருக்கும், அதைப் பார்த்துவிட வேண்டும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, சளிபோல அடிக்கடி வயிற்றுப்போக்கோ வந்தால், அடிவயிற்றில் சீழ் தங்கியிருக்கலாம். சாதாரணப் பேதி என்று மாத்திரை வாங்கிக் கொடுக்காமல், ஆபரேஷன் செய்த மருத்துவரிடமே அன்றைக்கே அழைத்துப் போங்கள்.