எம்-3 தேர்விலிருந்து விலகிவிடலாமா?

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. மற்ற பாடங்களைச் சமாளித்துவிடுகிறேன். எம்-3 என்கிற மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பாடம் மட்டும் சுத்தமாகப் புரியவில்லை. முதல் இன்டர்னலில் 100-க்கு 18. செமஸ்டர் தேர்வுக்கு இன்னும் 6 வாரம்தான். மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுத்து அந்தப் பேப்பரை மட்டும் ‘வித்ட்ரா’ செய்தால் அரியர் விழாது என்கிறான் நண்பன். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் அப்பாவிடம் அரியர் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. வித்ட்ராயல் என்று ஒரு வழி விதியில் இருக்கிறது. அனுமதி கிடைத்தால் அது ஒரு முயற்சியாகக் கணக்கில் வராது, டிஸ்டிங்ஷன் வாய்ப்பும் கெடாது. ஆனால் படிப்பு முடியும்வரை ஏதாவது ஒரு செமஸ்டரில் மட்டும்தான் அதைப் பயன்படுத்த முடியும். தேர்வுக்கு முன்பே விண்ணப்பித்து, முதல்வர் பரிந்துரைத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஒப்புதல் தர வேண்டும். உடல்நலக் குறைவு, வீட்டில் எதிர்பாராமல் வந்த நெருக்கடி, விளையாட்டுப் போட்டி மாதிரியான காரணங்களுக்குத்தான் அந்த ஏற்பாடு. பாடம் கஷ்டமாக இருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியென்றால் இல்லாத காய்ச்சலுக்குச் சர்டிஃபிகேட் வாங்க வேண்டும். அதைச் செய்யாதீர்கள். அது பொய் என்பது ஒரு பக்கம். நாளைக்கு நிஜமாகவே டெங்குவில் படுத்தாலோ, வீட்டில் ஏதாவது நடந்தாலோ அந்த ஒரே வாய்ப்பு உங்கள் கையில் இருக்காது. தவிர, விலகினாலும் எம்-3 எங்கேயும் போய்விடாது. ஏப்ரல்–மே தேர்வில் தெர்மல், தியரி ஆஃப் மெஷின்ஸ், ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எல்லாவற்றோடும் சேர்ந்து வந்து நிற்கும். அப்போது அதற்கென்று வகுப்பும் நடக்காது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், விபரீதமான எண்ணங்கள் வருகிற அளவுக்கு இருக்கிறதா? அப்படியென்றால் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் போன் செய்து பேசலாம். டாக்டரே இந்தத் தேர்வு வேண்டாம் என்று எழுதித் தந்தால் அது உண்மையான காரணம், தயங்காமல் விண்ணப்பியுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது பயம்தான், அதனால் மேலே சொல்கிறேன்.

கணக்கு வாத்தியாராக இருந்த வருஷங்களில் டிப்ளமோவிலிருந்து வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். லேத்தில் நிறுத்தினால் வகுப்பிலேயே அவர்கள்தான் கெட்டி. எம்-3 என்றால் மட்டும் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் எம்-1, எம்-2 எழுதாமலே நேராக இதற்குள் வருகிறார்கள் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தால், ஒரு ஃபங்ஷனை சைன், காஸ்களின் கூட்டலாக எழுதும் ஃபூரியர் சீரிஸில் மாட்டியிருக்க மாட்டார்கள். எக்ஸ் ஸ்கொயரையும் காஸ் என்எக்ஸையும் பெருக்கி இன்டக்ரேட் செய்யும் இடத்தில் பேனா நின்றிருக்கும். பெர்னூலி ஃபார்முலா தெரிந்தால் அது மூன்று வரி. ஒன்றை டிஃபரன்ஷியேட் செய்துகொண்டே போக வேண்டும், மற்றதை இன்டக்ரேட் செய்துகொண்டே போக வேண்டும், பிளஸ், மைனஸ், பிளஸ். பை போட்டால் சைன் உள்ளதெல்லாம் பூஜ்யமாகிவிடும், காஸ் உள்ளது மட்டும் மிஞ்சும். உங்களுக்கும் அடி அங்கேதான் விழுகிறது என்று நினைக்கிறேன். ஒரு வாரம் அதை மட்டும் போடுங்கள்.

அப்புறம் வினாத்தாளைப் பாருங்கள். 5 யூனிட். ஒவ்வொன்றிலும் இரண்டு 2 மார்க், ஒரு 16 மார்க், அதுவும் ஏ அல்லது பி. ஆக யூனிட்டுக்கு 20. தேர்வில் குறைந்தது 45 எடுக்க வேண்டும், இன்டர்னலோடு சேர்த்து மொத்தம் 50 வர வேண்டும். மொத்தத்தில் இன்டர்னலுக்கு 40, தேர்வு மார்க்கை 60-க்குக் குறைத்துச் சேர்ப்பார்கள். இன்டர்னலில் உங்களுக்கு 40-க்கு 18 நிற்கிறது என்று வையுங்கள், தேர்வில் 100-க்கு 54 எடுத்தால் அது 60-க்கு 32 ஆகும், பாஸ். மூன்று யூனிட்டை உருப்படியாகப் படித்தாலே 60-க்கு எழுதலாம். என்னைக் கேட்டால் முதலில் ஃபூரியர் சீரிஸ். அது வந்துவிட்டால், அதிரும் கம்பி, வெப்பம் பரவும் தண்டு என்று வரும் பிடிஇ (பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்) அப்ளிகேஷன்ஸில் பாதி வேலை முடிந்தது. மூன்றாவதாக இசட் டிரான்ஸ்ஃபார்ம். அங்கே இன்டக்ரேஷன் தொல்லையே இல்லை, பார்ஷியல் ஃப்ராக்‌ஷன் தெரிந்தால் பெரும்பாலான கணக்குகள் நகரும். மிச்சம் இரண்டு யூனிட்டில் 2 மார்க் மட்டும். அடுத்த இன்டர்னலில் கொஞ்சம் ஏற்றிவிட்டால் இன்னும் லேசாகிவிடும்.

இதற்கும் மேல் அரியர் விழுந்தால்? விழட்டும். கேம்பஸ் இன்டர்வியூவில் பல கம்பெனிகள் முதலில் பார்ப்பது அந்த நேரத்தில் அரியர் நிலுவையில் இருக்கிறதா என்பதைத்தான். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் எழுதி எடுத்துவிடலாம். அப்பாவிடம் ரிசல்ட் அன்று சொல்வதைவிட இந்த வாரமே, “ஒரு பாடம் இடிக்குதுப்பா, ஆறு வாரம் முட்டிப் பார்க்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். கடன் வாங்கியவருக்கு இதைக் கேட்கும் தெம்பும் இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, மைனஸ் பையிலிருந்து பை வரை எக்ஸ் ஸ்கொயருக்கு ஃபூரியர் சீரிஸ் போடுங்கள். ஈவன் ஃபங்ஷன், அதனால் சைனோடு வரும் பிஎன் பூஜ்யம். தனியாக நிற்கும் ஏநாட்டைக் கண்டுபிடிப்பது லேசு. காஸோடு வரும் ஏஎன்னைக் கண்டுபிடிக்கும் இடத்தில் பேனா நின்றால், எந்த வரியில் நின்றது என்று குறித்துக்கொண்டு திங்கட்கிழமை உங்கள் கணக்கு ஆசிரியரிடம் அந்த வரியை மட்டும் காட்டுங்கள்.