வரலாற்று வினா விடை: திருவந்திபுரத்துச் சுவரும் 1231ஆம் ஆண்டும்

இடைக்கால உலகம் பற்றிய வினாக்களை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே விடை தருகிறோம்.

இடைக்காலம் என்பது எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை? ஐரோப்பாவுக்கும் நமக்கும் ஒரே கணக்குதானா?
– பதினொன்றாம் வகுப்பு மாணவி, மஞ்சக்குப்பம்

மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்த 476இல் தொடங்கி, கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியர் வசமான 1453 அல்லது கொலம்பஸ் கடல் கடந்த 1492 வரை என்பது ஐரோப்பிய நூல்களின் கணக்கு. அந்தக் காலத்தில் வாழ்ந்த எவரும் தம் காலத்தை ‘இடை’ என்று எண்ணியதில்லை. கிரேக்க, ரோமானியப் பழமையையும் தங்கள் காலத்தையும் ஒளியாகவும் நடுவில் கிடந்ததை இருளாகவும் கருதிய பிற்கால அறிஞர்கள் வைத்த பெயர் அது. நம்மவர்களும் அதே பழக்கத்தில் களப்பிரர் ஆட்சியை ‘இருண்ட காலம்’ என்று எழுதி வந்தார்கள். சான்றுகள் குறைவாகக் கிடைத்திருப்பது நமது குறை; அதைக் கொண்டு அந்த மக்களின் வாழ்வே இருண்டிருந்தது என்று சொல்வது நியாயமன்று. தமிழகத்தைப் பொறுத்தவரை 476இலும் 1453இலும் எதுவும் முடியவுமில்லை, தொடங்கவுமில்லை. பல்லவர் எழுச்சியிலிருந்து விஜயநகர ஆட்சி வரையிலான காலத்தையே நம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இப்பெயரால் குறிக்கிறார்கள். தேர்வில் பாடநூல் சொல்லும் எல்லையை எழுதுங்கள்; படிக்கும்போது எந்த நாட்டின் இடைக்காலம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில், சோழ மன்னன் சிறைப்பட்ட செய்தியைச் சொல்லும் கல்வெட்டு உள்ளது. அது நடந்த ஆண்டில் உலகின் பிற பகுதிகளில் என்ன நடந்துகொண்டிருந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

இந்த வினாவைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். உள்ளூர்ச் சுவரிலிருந்து உலகத்தைப் பார்க்கும் முறையை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னன் மூன்றாம் இராசராசனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். செய்தி கேட்ட, கன்னட நாட்டை ஆண்ட போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்னும் தளபதிகளை அனுப்பினான். அவர்கள் வழிநெடுக ஊர்களை எரித்தும் அழித்தும் வந்து, சோழனை மீட்டு மீண்டும் அரியணையில் அமர்த்தினர். இராசராசனின் ஆட்சியாண்டைக் கொண்டு இதை ஏறத்தாழ 1231 என்று கணிக்கிறார்கள். படை சென்ற வழியில் உங்கள் திருப்பாதிரிப்புலியூரும் கல்வெட்டில் இடம்பெறுகிறது. கடாரம் வரை கப்பற்படை அனுப்பிய முதலாம் இராசேந்திரனின் வழிவந்த ஒருவனை, இருநூறு ஆண்டுகள் கழித்து அண்டை நாட்டான் வந்து மீட்கவேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அதே 1231இல் செங்கிஸ்கானின் மகன் ஒகதேயின் படை கொரியாவுக்குள் முதல் முறையாகப் புகுந்தது. கொரிய அரசவை மறு ஆண்டே கங்குவா தீவுக்கு ஒதுங்கியது; முன்பு செதுக்கி வைத்திருந்த பௌத்தத் திருமறையின் மரப்பலகைகள் அந்தப் போரில் எரிந்தன. போர் ஓயாத நாட்களிலேயே அவர்கள் மீண்டும் செதுக்கத் தொடங்கி, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகளை 1251இல் முடித்தார்கள்; அவை இன்றும் ஹெயின்சா மடத்தில் இருக்கின்றன. மேற்கே, மங்கோலியரை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் அலைந்த குவாரசமிய மன்னன் ஜலாலுத்தீன் இதே 1231இல் கொல்லப்பட்டான். இத்தாலியின் தென்பகுதியையும் சிசிலியையும் ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரடெரிக், மெல்பி நகரில் தம் நாட்டுக்கான சட்டத்தொகுப்பை வெளியிட்டார். தில்லியில் இல்துத்மிஷ் ஆண்டுகொண்டிருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் சுந்தியாத்தா கெய்த்தா சோசோ மன்னனை வென்று மாலிப் பேரரசுக்கு அடித்தளமிட இருந்தான்.

இவர்களில் ஒருவருக்கும் சேந்தமங்கலம் என்ற பெயர் தெரிந்திருக்காது. ஆனால் அரை நூற்றாண்டு கழித்து, 1281இல், மங்கோலியர் ஆட்சிக்கு உட்பட்டுவிட்ட சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. சம்பந்தப் பெருமாள் என்பவர் பேரரசர் குப்லாய்கானின் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளுவித்த செய்தியை அது சொல்கிறது. சோழ அரசு முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்தது இது. அரசு மறைந்தபோதும் வணிகர் கடலை விடவில்லை.

இடைக்காலத்தில் பல்கலைக்கழகம் முதலில் எங்கே தோன்றியது? எங்கள் பாகூரிலும் ஒன்று இருந்ததாகச் சொல்கிறார்களே?
– பாகூர் வாசகர்

பாகூரில் வித்தியாத்தானம் என்னும் கல்விநிலை இருந்தது உறுதி. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், அதற்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இன்னும் நுணுக்கமாகக் கணக்குச் சொல்கிறது: 340 மாணவர், அவர்களில் 270 பேர் இளநிலையினர், 70 பேர் முதுநிலையினர், ஆசிரியர் 14 பேர். அங்கே படிக்க வேதம் ஓதும் மரபினருக்கு மட்டுமே இடம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

மொராக்கோவின் பெசு நகரத்து அல் கரவீன் 859இல் நிறுவப்பட்டதாக மரபு. கெய்ரோவின் அல் அசார் பத்தாம் நூற்றாண்டினது. இத்தாலியின் பொலோனாவுக்கு 1088 என்ற ஆண்டை வழக்கமாகக் குறிக்கிறார்கள். ஐரோப்பியக் கழகங்களின் தனித்தன்மை அவை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்த சட்டப்படியான சங்கங்களாக இருந்தமையே. நாம் மேலே பேசிய அதே 1231இல் போப் ஒன்பதாம் கிரிகோரி, பாரிஸ் கழகத்தார் தம் விதிகளைத் தாமே வகுக்கவும், அநீதி இழைக்கப்பட்டால் பாடத்தை நிறுத்தவும் உரிமை கொடுத்தார். பாகூரும் எண்ணாயிரமும் கொடையால் வாழ்ந்தவை. அத்தகைய உரிமை அவற்றுக்கு இருந்ததாகச் செப்பேட்டிலோ கல்வெட்டிலோ செய்தி இல்லை. ஆகவே ‘முதல்’ யார் என்ற போட்டியைவிட, ஒவ்வொன்றும் எதைக் கொண்டு நின்றது என்று பார்ப்பதே பயனுள்ளது.

அரிக்கமேட்டை ரோமானியரோடு மட்டுமே சேர்த்துப் பேசுகிறார்கள். இடைக்காலத்தில் அங்கே ஒன்றும் இல்லையா?
– அரியாங்குப்பம் வாசகி

இருந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியது முதல் ரோமானிய மட்கலங்களே புகழ் பெற்றுவிட்டன. ஆனால் அதே மண்ணில் சோழர் காலக் காசுகளும் சீனத்துப் பச்சைப் பூச்சுப் பீங்கான் துண்டுகளும் கிடைத்துள்ளன. சீனத்தோடு அக்காலத்தில் நமக்கிருந்த தொடர்பு சிறியதன்று: 1077இல் சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீன அரசவைக்குச் சென்றதாகவும், அவர்களுக்கு 81,800 சரம் செப்புக் காசுகள் கொடுக்கப்பட்டதாகவும் சீன வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. தூது என்று பெயரிருந்தாலும் அதை வணிகமாகவே நான் பார்க்கிறேன்.

அரிக்கமேட்டின் இன்னொரு சொத்து மணி. கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கி, சிறு மணிகளாக்கும் தொழிலின் தொன்மையான களங்களில் அதுவும் ஒன்று. அந்தத் தொழில்முறையில் உருவான தெற்காசிய மணிகள், தென்னாப்பிரிக்காவில் லிம்போபோ ஆற்றங்கரையிலுள்ள மாபுங்குப்வேயிலும், கல்மதில்களால் பெயர்பெற்ற பெரிய சிம்பாப்வேயிலும் கிடைத்திருக்கின்றன. அவை அரிக்கமேட்டிலேயே செய்யப்பட்டவை என்று பொருள் கொள்ளக் கூடாது. கைத்தொழில் மரபுதான் ஒன்று. ஆப்பிரிக்க உள்நாட்டுப் பொன் அக்கண்டத்தின் கிழக்குக் கரையிலுள்ள சோபாலாத் துறைக்கு வந்து, அதே கரையில் வடக்கேயுள்ள கில்வாவின் வழியாக அரபு வணிகரிடம் சேர்ந்தது. மணியும் துணியும் எதிர்த்திசையில் போயின. நம் கடற்கரையில் வாடை அடிக்கும் மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு அரபிக்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரையை அடையும் கப்பல், தென்மேற்குப் பருவக்காற்றுக்குக் காத்திருந்து திரும்பும். இந்தக் காத்திருப்பினால்தான் அக்கரை ஊர்களில் பல நாட்டார் குடியேறிக் கலந்து வாழ்ந்தார்கள் என்பது என் கருத்து.

ஐரோப்பாவை அழித்த கொள்ளைநோய் தமிழகத்துக்கும் வந்ததா?
– முத்தியால்பேட்டை வாசகர்

அந்த நோய் 1347இல் சிசிலியின் மெசினா துறைமுகத்தை அடைந்து, சில ஆண்டுகளில் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களைக் கொன்றது. கெய்ரோ, டமாஸ்கஸ் நகரங்களும் தப்பவில்லை. 1348இல் டமாஸ்கஸில் பிணங்கள் விழுந்ததை மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா நேரில் கண்டார். அவரே அதற்குச் சில ஆண்டுகள் முன்பு மதுரை சுல்தானின் நாட்டில் இருந்தபோது, நோய் கண்டவர்கள் இரண்டு மூன்று நாட்களில் மாண்ட ஒரு தொற்றைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மாண்ட வேகம் மட்டும் ஒத்திருப்பதால் நோயும் ஒன்றே என்று சொல்ல இடமில்லை. அந்த ஒரு குறிப்பை வைத்துத் தமிழகத்துக்கும் கொள்ளைநோய் வந்தது என்று எழுதுவோரின் கூற்றை நான் ஏற்பதில்லை.