எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம், கால் மட்டும் வலிக்கிறது

கேள்வி: தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படி இறங்கும்போது கால் மடங்கி விழுந்தேன். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்றார்கள். மூன்று வாரமாகியும் நடுப்பாதத்தில் வலி, நுனிக்காலில் நிற்க முடியவில்லை. உருவிவிட்டால் போதும் என்கிறார் ஒருவர். எம்ஆர்ஐ எடுக்கணும் என்கிறார் இன்னொருவர். என்ன செய்வது?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: அந்த எக்ஸ்ரேயைப் படுக்க வைத்து எடுத்தார்களா, நிற்க வைத்தா? படுக்க வைத்துத்தான் எடுத்திருப்பார்கள். கோளாறே அங்கேதான்.

பாதத்தில் 26 எலும்புகள். நடுப்பாதத்தின் உள்பக்கச் சிற்றெலும்பையும் இரண்டாம் விரலுக்குப் போகும் நீள எலும்பையும் இழுத்துக் கட்டியிருப்பது லிஸ்ஃபிராங்க் ஜவ்வு. அது கிழிந்தாலும், பாரம் இல்லாதபோது எலும்புகள் பல சமயம் நல்ல பிள்ளையாக இடத்திலேயே இருக்கும். ஊன்றினால்தான் விலகும், அதுவும் சில சமயம் இரண்டு மில்லிமீட்டர்தான். அதனால் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வைத்து எடுத்து, நல்ல காலோடு ஒப்பிட வேண்டும். விழுந்த பிறகு உள்ளங்காலில் நீலம் பாரித்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

டாக்டர் ரெஃபரல் தாளில் 'பாதம் எக்ஸ்ரே' என்று கிறுக்கி அனுப்பினால் எக்ஸ்ரே எடுப்பவர் என்ன செய்வார்? 'நிற்க வைத்து, இரு கால்' என்று எழுத ஐந்து விநாடி ஆகுமா? அதைச் செய்யாததால்தான் 'எம்ஆர்ஐ பேக்கேஜ்' தரகர்களுக்குக் கொண்டாட்டம். கமிஷன் அவர்களுக்கு, பில் உங்களுக்கு. எம்ஆர்ஐ தேவைப்படலாம், ஆனால் அதைக் காலைத் தொட்டுப் பார்த்த எலும்பு டாக்டர் சொல்லட்டும். உருவிவிடுபவர் பக்கமே போகாதீர்கள். கிழிந்த ஜவ்வை இழுத்தால் விலகாததும் விலகும்.

ஒன்று மட்டும். ரிப்போர்ட்டில் 'சிறு எலும்புத் துண்டு' என்று இருந்தால் உடனே பதற வேண்டாம். பலருக்குப் பாதத்தில் உபரி எலும்பு பிறவியிலேயே உண்டு. ஓரம் உருண்டு வழவழப்பாக இருக்கும், பெரும்பாலும் மறு காலிலும் இருக்கும். புது முறிவின் ஓரம் சொரசொரப்பானது. அப்படி ஓர் உபரி எலும்பை முறிவென்று நம்பி, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்த பையனைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் துண்டு முதலாம், இரண்டாம் நீள எலும்புகளின் அடிப்பகுதிக்கு நடுவே கிடந்தால் கதை வேறு. அது ஜவ்வு பிய்த்துக்கொண்டு வந்த துண்டாக இருக்கலாம்.

டாக்டரைப் பார்க்கும்வரை அந்தக் காலை ஊன்றாதீர்கள். இந்த வாரமே எலும்பு டாக்டரைப் பாருங்கள். பழைய எக்ஸ்ரே பதிந்த சிடியையும் கொண்டுபோங்கள், கவுண்டரில் வேண்டாம் என்றாலும் டாக்டர் கையிலேயே கொடுங்கள்.